மாடியில் தக்காளி வைக்கிறீர்களா? முதலில் செடியின் உயரத்தை முடிவு செய்யுங்கள்

எங்கள் வீடு தாம்பரம் பக்கம், இரண்டாவது மாடி. முதல் முறை தக்காளி வைத்தபோது “செர்ரி தக்காளி, தொட்டிக்கு ஏத்தது” என்று சொல்லிக் கொடுத்த 12 நாற்றுகளை வாங்கி வந்தேன். ஆனி முடிவதற்குள் ஐந்தடி. ஆடி பாதியில் ஏழடி. சவுக்குக் கம்பு நட்டேன், கயிறு கட்டினேன், மேலே வலை போட்டேன். அதற்கே 1,400 ரூபாய் ஆனது. ஓர் இரவு அடித்த காற்றில் ஒன்பது செடிகள் போய்விட்டன. செடி வைத்திருந்த பைகள் நின்ற இடத்தில் அப்படியே நின்றன. கயிற்று முடிச்சு தண்டை அறுத்திருந்த இடத்தில்தான் செடி முறிந்திருந்தது. முறிந்த பக்கத்தில் நார் வெளுத்துப் பிரிந்து கிடக்க, பட்டாணி அளவு பச்சைக் காய்கள் தரை முழுக்கச் சிதறிக் கிடந்தன. மூன்று மாத உழைப்பு.

அப்புறம்தான் புரிந்தது. மண்ணிலும் உரத்திலும் நான் குறை வைக்கவில்லை. மொட்டை மாடியில் வைக்கக் கூடாத வகையைத் தேர்ந்தெடுத்ததுதான் கோளாறு. இப்போது ஐந்து பருவங்களாகக் குட்டையான, தண்டு கெட்டியான ரகங்களை மட்டும் வைக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்த முதல் மூன்று மாதத்தை இழக்கக் கூடாது என்பதற்காக வரிசையாக எழுதுகிறேன்.

1. எந்த வகைச் செடி என்பதை முதலில் பாருங்கள்

பழத்தைப் பார்த்துச் செடியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பழம் சிறியதாக இருந்தால் செடியும் சிறியதாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலான செர்ரி தக்காளிகள் கொடித்தக்காளிதான். ஏழெட்டு அடிக்குக் குறையாது.

வளரும் விதத்தை வைத்து வீட்டுத் தோட்டத்துக்கு மூன்று வகை தெரிந்தால் போதும்.

கொடித்தக்காளி: நுனி வளர்ந்துகொண்டே போகும். தண்டில் சுமார் மூன்று இலைக்கு ஒரு பூங்கொத்து வரும். பந்தல், கம்பு, கிளை கிள்ளுதல் எல்லாம் வேண்டும். பாக்கெட்டில் ‘இன்டிட்டர்மினேட்’ என்று போட்டிருந்தால் இதுதான்.

செடித்தக்காளி: ஓர் உயரத்துக்கு வந்ததும் நுனியிலேயே பூ வைத்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். பூங்கொத்துகளுக்கு இடையே ஓரிரு இலைதான் இருக்கும். பையில் இரண்டரை, மூன்று அடி வரும். காய்கள் பெரும்பாலும் சில வாரங்களுக்குள் சேர்ந்தாற்போல் பழுக்கும். பாக்கெட்டில் ‘டிட்டர்மினேட்’ என்று இருக்கும்.

உண்மையான குட்டைச் செடி: இதில் கணுக்களுக்கு இடையிலான தூரமே குறைவு. தண்டு பருமன். இலை கரும்பச்சையாக, தொட்டால் தடிப்பாக, சுருக்கம் விழுந்தாற்போல் இருக்கும். இதில் முக்கால் அடியில் நின்றுவிடும் மிகச் சிறிய ரகங்களும் உண்டு, மெதுவாக வளர்ந்து மூன்று நான்கு அடி வரை போகும் ரகங்களும் உண்டு. பாக்கெட்டில் ‘ட்வார்ஃப்’, ‘மைக்ரோ ட்வார்ஃப்’ என்று இருக்கும்.

‘செமி டிட்டர்மினேட்’ என்று நடுவில் ஒன்று உண்டு. செடித்தக்காளியைவிடக் கொஞ்சம் உயரம், கம்பு கட்டாயம். காற்று அதிகம் வராத மாடியென்றால் வைக்கலாம்.

‘ஹைப்ரிட்’ என்ற சொல்லில் செடியின் உயரம் பற்றி எந்தத் தகவலும் இல்லை. ‘நாட்டுத் தக்காளி’ என்ற சொல்லிலும் இல்லை. கடையில் “இது கொடியா, செடியா?” என்று நேராகக் கேளுங்கள். பதில் தெரியாத கடையில் நாற்று வாங்க வேண்டாம்.

2. ரகத்தை முடிவு செய்யுங்கள்

தினமும் ரசத்துக்கும் குழம்புக்கும் தக்காளி வேண்டும் என்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது பிகேஎம் 1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில், அண்ணஞ்சி என்ற உள்ளூர் தக்காளியிலிருந்து உருவான ரகம். செடித்தக்காளி. பழத்தின் மேல்பக்கம், காம்பைச் சுற்றிப் பச்சை நிறம் இருக்கும், பழுக்கவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டாம். நல்ல புளிப்பு. விதைத்ததிலிருந்து கடைசிப் பழம் வரை ஏறக்குறைய 135 நாள். என் மாடியில் 12 அங்குலப் பையில் ஒரு செடிக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை பறித்திருக்கிறேன். முதல் முறை வைக்கிறவர்கள் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் வைத்தாலும் போதும் என்பது என் எண்ணம்.

கோ 3 என்ற கோவை ரகம் இதைவிடக் கச்சிதம், நெருக்கி நடக்கூடிய குட்டைச் செடி. மருதம் என்றும் பெயர் உண்டு. சுமார் 105 நாளில் முடிந்துவிடும். நான் தேடியவரை கடைகளில் கிடைக்கவில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக விற்பனை மையத்தில் கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது கவனம்: அதே பல்கலைக்கழகம் வெளியிட்ட வீரிய ஒட்டு ரகம் (ஹைப்ரிட்) ஒன்றுக்கும் கோ 3 என்றே பெயர். அது உயரமானது. இரண்டும் வேறு.

பூசா எர்லி ட்வார்ஃப், டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் ரகம். குட்டை, சீக்கிரம் காய்க்கும். பூசா ரூபி என்று இன்னொன்றும் உண்டு, அது கொடி. ‘பூசா’ என்பதை மட்டும் பார்த்துப் பாக்கெட்டை எடுத்துவிடாதீர்கள்.

இலைச்சுருள் நோயால் ஏற்கெனவே செடிகளை இழந்தவர்கள் அர்கா ரக்ஷக் பக்கம் போகலாம். பெங்களூருவின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட வீரிய ஒட்டு ரகம். இலைச்சுருள் வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கக்கூடியது. ஆனால் செமி டிட்டர்மினேட். நான்கடிக் கம்பும் 15 அங்குலப் பையும் தயார் செய்துகொள்ளுங்கள். ஒட்டு ரகம் என்பதால் இதிலிருந்து விதை எடுத்து வைப்பதில் பயனில்லை.

பால்கனியில் இரண்டே இரண்டு அடி இடம்தான் இருக்கிறதா? அதற்கு மைக்ரோ டாம், டைனி டிம், ரெட் ராபின் போன்ற மிகச் சிறியவை இருக்கின்றன. மைக்ரோ டாம் புளோரிடா பல்கலைக்கழகத்தில் உருவானது, ஒரு சாண் உயரம்தான். டைனி டிம் ஒன்று ஒன்றரை அடி. எட்டு அங்குலத் தொட்டி போதும். பழம் கோலி அளவு. ஒரு செடியில் ஒரு பருவத்துக்கு இரண்டு மூன்று கைப்பிடிதான் வரும், சமையலுக்குப் போதாது. குழந்தைகள் பறித்துத் தின்பதற்கு இதைப்போல் ஒன்றில்லை.

வெளிநாட்டில் பெரிய பழம் தரும் குட்டைச் செடிகளுக்கென்றே ஒரு முயற்சி நடந்து வருகிறது. அமெரிக்காவின் கிரெக் லஹூலியர், ஆஸ்திரேலியாவின் பட்ரீனா நஸ்கி ஸ்மால் இருவரும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு தொடங்கிய குட்டைத் தக்காளித் திட்டம் அது. ரோசெல்லா பர்ப்பிள், டாஸ்மேனியன் சாக்லேட் எல்லாம் அதில் வந்தவை. ஆசையாக இருக்கும். ஆனால் வெளிநாட்டிலிருந்து நேரடியாக விதை வரவழைக்க இறக்குமதி அனுமதியும் தாவரச் சுகாதாரச் சான்றும் வேண்டும். இல்லாமல் வரும் பொட்டலத்தைச் சுங்கத்தில் நிறுத்திவிடலாம். முதல் பருவத்துக்கு இது வேண்டாம்.

3. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கப் படத்தை நம்ப வேண்டாம். பின்பக்கத்தில் இவை இருக்க வேண்டும்: ரகத்தின் பெயர், குவியல் எண் (லாட் நம்பர்), முளைப்புத்திறன், பரிசோதித்த தேதி, காலாவதி தேதி, விதை நேர்த்தி செய்யப்பட்டதா என்ற குறிப்பு.

தக்காளிக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 70 சதவீதம், இனத்தூய்மை தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். பரிசோதித்த தேதியிலிருந்து ஒன்பது மாதம் வரை செல்லும். நீல நிற அட்டை இருந்தால் சான்று பெற்ற விதை. வெளிர்பச்சை அட்டை என்றால் தயாரித்தவரே பொறுப்பேற்று விற்கும் உண்மைநிலை விதை. வீட்டுத் தோட்டத்துக்குக் கிடைக்கும் சிறு பாக்கெட்டுகளில் இரண்டாவதுதான் அதிகம். அதில் தவறில்லை, விவரம் முழுதாக இருந்தால் சரி.

வெறும் பிளாஸ்டிக் உறையில் ‘ட்வார்ஃப் தக்காளி, 20 விதை’ என்று மட்டும் எழுதி ஸ்டேப்ளர் அடித்து வருபவற்றைத் தவிருங்கள். இணையத்தில் 99 ரூபாய்க்கு அப்படி ஒன்று வாங்கினேன். முளைத்ததில் மூன்று கொடித்தக்காளி, ஒன்று மணத்தக்காளி.

ஒரு கிராமில் ஏறக்குறைய 300 தக்காளி விதை இருக்கும். ஆறு பைக்கு 15 விதை போதும். சின்னப் பாக்கெட்டாகவே வாங்குங்கள்.

4. எங்கே வாங்குவது, என்னென்ன ஆவணம்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோவை வளாகத்திலும், மாவட்டங்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களிலும் விசாரியுங்கள். எல்லாக் காலத்திலும் இருப்பு இருக்காது, நேரில் போகும் முன் தொலைபேசியில் கேட்பது நல்லது. பெங்களூரு நிறுவனத்தின் விதைகளை இணையம் வழியாகவும் வாங்கலாம். இவற்றுக்கு ஆவணம் எதுவும் தேவையில்லை.

அரசுத் தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் தொகுப்பு வேண்டுமானால் ஆதார் எண்ணும் கைபேசி எண்ணும் வேண்டும். துறையின் இணையதளத்தில் பதிவு செய்யலாம், அல்லது உங்கள் பகுதித் தோட்டக்கலை அலுவலகத்தில் ஆதார் நகலும் புகைப்படமும் கொடுக்கலாம். 2021-இல் தொகுப்பின் மானிய விலை 225 ரூபாய், அடுத்து 450 ரூபாய் ஆனது. இப்போது என்ன விலை என்பதைப் பதிவு செய்யும் முன் பாருங்கள். ஆறு பைகள், இரண்டு கிலோ தேங்காய் நார்க்கழிவுக் கட்டி ஆறு, காய்கறி விதைகள், உயிர் உரம், வேப்பெண்ணெய் எல்லாம் சேர்ந்து வருவதால் புதியவர்களுக்கு நல்ல தொடக்கம். அதிலுள்ள தக்காளி விதை எந்த ரகம் என்பதை மட்டும் கேட்டு, உறையின் மேல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே வாங்கினாலும் பில் கேளுங்கள். அதில் ரகப் பெயரும் குவியல் எண்ணும் இருக்கட்டும். காலி பாக்கெட்டை அறுவடை முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். விதை முளைக்கவில்லை, வேறு ரகம் வந்துவிட்டது என்றால் விதை ஆய்வாளரிடம் புகார் கொடுக்க இந்த இரண்டும் வேண்டும். என் முதல் நாற்றுகளுக்கு பில்லே இல்லை, யாரிடமும் கேட்க முடியவில்லை.

5. நாள் குறியுங்கள்

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது நிலத்துக்கும் மழைக்கும் சொன்னது. சென்னை மொட்டை மாடித் தக்காளிக்குக் கார்த்திகைதான் சிறந்த பட்டம்.

காரணம் இரவு வெப்பம். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 25-க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் கெட்டுப் பூ உதிர்ந்துவிடும். சென்னையில் மே மாதம் இரவிலேயே 28 டிகிரி. அந்த நேரத்தில் பூக்கும் செடிக்கு என்ன உரம் போட்டாலும் காய் பிடிக்காது. ஜனவரியில் இரவு 21 வரை இறங்கும். செடி பூக்கும் காலம் பொங்கலை ஒட்டி வருமாறு கணக்குப் போடுங்கள்.

என் நாட்குறிப்பு இது: நவம்பர் கடைசியில் குழித்தட்டில் விதைப்பு, மழை படாமல், ஆனால் வெயில் படும்படி, சன்ஷேடுக்குக் கீழே. 25 நாள் கழித்து, டிசம்பர் இறுதியில் பைக்கு மாற்றுதல். ஜனவரி இறுதியில் நல்ல பூ. பிப்ரவரி கடைசியில் முதல் பழம். ஏப்ரல் நடுவில் செடியை எடுத்துவிடுவேன்.

இரண்டாவது வாய்ப்பு ஜூன் நடுவில் விதைப்பது. ஜூலை இரண்டாம் வாரம் பைக்குப் போகும், செப்டம்பரில் பழம், வடகிழக்குப் பருவமழைக்கு முன் பெரும்பகுதியைப் பறித்துவிடலாம். இதில்தான் ஆடிக்காற்று குறுக்கே வரும். குட்டை ரகம் என்றால் அந்தச் சமயத்தில் ஒரு முழ உயரம்கூட இருக்காது, கைப்பிடிச் சுவரே மறைப்பாகிவிடும். பிப்ரவரி, மார்ச்சில் விதைப்பதைச் சென்னைக்காரர்கள் விட்டுவிடுங்கள். கொடைக்கானல், ஊட்டி, ஓசூர் பக்கம் இருக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

6. நாற்றிலேயே சரிபாருங்கள்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். மூன்று வாரம் ஆன நாற்றுகளைக் காலை வெயிலில் வைத்து, குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். கொடித்தக்காளி நாற்று மெல்லிய தண்டோடு சீக்கிரம் உயரும், இலைகள் வெளிர்பச்சையாக இடைவெளி விட்டிருக்கும். உண்மையான குட்டை நாற்று அதில் பாதி உயரம்தான் இருக்கும். தண்டு தடியாக இருக்கும், இலைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாற்போல் நெருங்கியிருக்கும். இலையை விரலிடுக்கில் வைத்துத் தடவினால் கீரை இலையின் மென்மை இருக்காது, மடித்து விரித்த துணிபோல் மேடுபள்ளம் தெரியும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நிழலில் வளர்ந்த நாற்று எந்த ரகமானாலும் நீண்டு மெலிந்துவிடும். நீண்டிருக்கிறதே என்று நல்ல நாற்றை எறிந்துவிடாதீர்கள். முளைத்த மறுநாளிலிருந்தே நேர் வெயில் படும் இடத்தில் வைத்தால்தான் இந்தச் சோதனை செல்லும். பிகேஎம் 1 போன்ற செடித்தக்காளியை நாற்றில் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு பூங்கொத்து வந்ததும் நடுவில் எத்தனை இலை என்று எண்ணிப் பாருங்கள்.

நர்சரியில் நாற்றாக வாங்குகிறவர்கள் உயரமான நாற்றைத் தேடாதீர்கள். பென்சில் தடிமனை நோக்கிப் போகும் தண்டு, இன்னும் பூக்காத செடி, வெள்ளை வேர். இந்த மூன்றும் இருந்தால் எடுங்கள்.

7. பை, மண், செலவு

செடித்தக்காளிக்கு 12 அங்குல அகலமும் உயரமும் உள்ள பை. அதைவிடச் சிறிய பையில் வைத்தால் பிப்ரவரி வெயிலில் மதியத்துக்குள் வாடிவிடும். செம்மண், மண்புழு உரம், ஊறவைத்த தேங்காய் நார்க்கழிவு மூன்றும் சம அளவு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நார்க்கழிவை ஊறவைத்து, பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஊறவையுங்கள். உப்பு அதிகமுள்ள கட்டிகள் வருகின்றன, கழுவாமல் போட்டால் இலை நுனி காய்ந்துவிடும்.

ஆறு பைகளுக்கு நான் கடைசியாகச் செலவழித்தது: பைகள் 270, ஐந்து கிலோ நார்க்கழிவுக் கட்டி 180, மண்புழு உரம் 20 கிலோ 240, செம்மண் இரண்டு மூட்டை 120, வேப்பம்புண்ணாக்கு இரண்டு கிலோ 100, விதை 30, மூன்றடிக் குச்சிகள் 90, மஞ்சள் ஒட்டும் அட்டை 40, வேப்பெண்ணெய் 60. மொத்தம் 1,130 ரூபாய். பையும் மண்ணும் மூன்று வருடமாவது உழைக்கும், அதனால் அடுத்த பருவத்துக்கு உரம், விதை செலவுதான். கெட்டித் தண்டு என்றாலும் குச்சி வேண்டும், காய்க் கனத்தில் கிளை தரையைத் தொடும். துணிக் கிழிசலால் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டுங்கள். சணல் கயிறு, நைலான் கயிறு வேண்டாம்.

8. கிள்ளாதீர்கள்

காணொளிகளில் பக்கக் கிளைகளைக் கிள்ளச் சொல்வார்கள். அது கொடித்தக்காளிக்கு. செடித்தக்காளியும் குட்டைச் செடியும் பக்கக் கிளைகளில்தான் பெரும்பாலான காயைக் கொடுக்கும். கிள்ளினால் விளைச்சலைக் கிள்ளுகிறீர்கள். மண்ணைத் தொடும் கீழ் இலைகளை மட்டும் எடுத்தால் போதும்.

9. இரண்டு தொல்லைகள்

இலை மேல்நோக்கிச் சுருண்டு, சிறுத்து, மஞ்சளாகி, செடி வளராமல் நின்றால் அது வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நோய். மருந்து கிடையாது. குட்டைச் செடிகளின் இலை இயல்பாகவே சுருக்கமாக இருப்பதால் புதியவர்கள் குழம்புவார்கள்: கரும்பச்சையும் தடிப்பும் என்றால் ரகத்தின் குணம், மஞ்சளும் குறுகலும் என்றால் நோய். நோய் என்று தெரிந்த அன்றே பிடுங்கி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மனசு வராது, ஆனால் விட்டுவைத்தால் பக்கத்துச் செடிகளும் போய்விடும். வராமல் தடுக்க, நட்ட நாளிலிருந்தே மஞ்சள் அட்டையும், வாரம் ஒருமுறை மாலையில் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும்.

பழத்தின் அடிப்பகுதி கறுத்து அமுங்கினால் அது புழுவோ பூஞ்சணமோ இல்லை. ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றியதால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. காலையில் அளவாக ஒருமுறை, காய் பிடித்த பிறகு கடும் வெயில் நாளில் மாலையிலும் ஒருமுறை தண்ணீர் விடுங்கள். சிறிய பைக்காரர்களுக்கு இது அதிகம் வரும்.

10. அடுத்த பருவத்துக்கு விதை

தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. அதனால் பிகேஎம் 1 போன்ற ரகங்களில் விதை எடுத்தால் அடுத்த முறையும் அதே செடிதான் வரும். பழம் பெரியதாக இருக்கிறதே என்று எடுக்காமல், செடியைப் பார்த்து எடுங்கள். ஆறில் எது கச்சிதமாக, காற்றில் அசையாமல், நோயில்லாமல் நின்றதோ அந்தச் செடியில், இரண்டாவது மூன்றாவது கொத்தில் நன்கு பழுத்த பழம். விதைக் கூழை ஒரு டம்ளரில் இரண்டு நாள் புளிக்கவிட்டு, மிதப்பதைக் கொட்டி, அடியில் தங்கியதை வடிகட்டியில் கழுவி, பீங்கான் தட்டில் நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் உலர்த்தினால் ஒட்டிக்கொண்டு பிரியாது. உறையின் மேல் ரகம், செடியின் உயரம், பறித்த தேதி மூன்றையும் எழுதுங்கள். இதில் உயரத்தைத்தான் எல்லோரும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

செடியை எடுத்த பையில் உடனே கத்தரி, மிளகாய் வைக்க வேண்டாம், மூன்றும் ஒரே குடும்பம். ஒரு பருவம் கீரையோ அவரையோ போட்டு, கார்த்திகைக்கு மறுபடி தக்காளிக்கு வாருங்கள்.